படகின் முன்னிருக்கை

1

இது என் கதை அல்ல, அத்தானின் கதை. அக்கா போன பிறகு ஒரு காலையில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாய்க்கு வராதது கைக்கு வருமா என்று பார்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுகிறவர்களுக்கு உள்ள கெட்ட பழக்கம் இது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஏரியில் படகுப் போட்டி. பழைய படகு ஒன்று எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி..."

பொய். போட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அத்தான் யாரையும் முந்த நினைக்கவில்லை.

பிறகு இப்படி: "அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும்..."

இப்படித் தொடங்கினால் அடுத்த வரிக்குள் நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். அக்காவுக்கு அது பிடிக்காது. அவள் நோயைப் பற்றிப் பேச யார் வந்தாலும் டீ கொடுத்துப் பேச்சை மாற்றி அனுப்பிவிடுவாள். அதனால் படகிலிருந்து தொடங்குகிறேன்.

2

படகு அத்தானின் அண்ணன் வைத்திருந்தது. அதன் வயது யாருக்கும் சரியாகத் தெரியாது. பின்பலகையில் மாட்டிய எஞ்சின் அந்த உடம்புக்குப் போதாது. புகைவிடும், இருமும், ஆனால் நகர்வதற்கு யோசிக்கும். பெரிய எஞ்சின் வாங்கி மாட்டலாமே என்று கேட்பீர்கள். பின்பலகை உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தது, தாங்காது.

ஆஸ்பத்திரி ஏரிக்கு அந்தப் பக்கம். வாரத்தில் மூன்று முறை அக்காவுக்கு ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். முடித்துத் திரும்பும்போது குளிரும், குமட்டும், கால் நரம்பு இழுக்கும். அந்த நிலையில் படகு ஊர்ந்துகொண்டே இருக்கும்.

(சாலை வழி உண்டு. ஏரியைச் சுற்றிக்கொண்டு பாதி நாள் குலுங்க வேண்டும். அக்கரையில் ஒரு அறை எடுத்துத் தங்கலாம் என்று நான் சொன்னேன். "ஆஸ்பத்திரி வாசல்ல குடியிருக்க நான் என்ன வாட்ச்மேனா?" என்றாள் அக்கா.)

ஒருநாள் கரை இறங்கியதும் அவள் சொன்னாள்:

"என்னங்க, ஊசியெல்லாம் கூடப் பொறுத்துக்குறேன். இந்தப் படகுதான் முடியல. இது இப்படியே நகருதுன்னா, நான் இனிமே வரல. விட்டுடுங்க."

அவள் அழுது சொல்லியிருந்தால் அத்தான் சமாதானம் சொல்லியிருப்பார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே, கரண்ட் பில் கட்டணும் என்பது போலச் சொன்னாள். அவர் பயந்துபோனார்.

3

இந்த இடத்தில் எனக்கு அத்தான்மீது சந்தேகம் வருகிறது. மனைவிக்காகப் படகோடு மல்லுக்கட்டும் கணவர். ரொம்ப நல்லவராகத் தெரிகிறார், கதைக்கு ஆகாது. ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முன்கோபக்காரர். குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுகிற வேலை. அங்கே மோட்டாரைத் திட்டித் திட்டி, வீட்டில் மனிதர்களையும் அதே பாஷையில் திட்டுவார். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவர் செய்ததெல்லாம் இவை: படகைக் கரையில் கவிழ்த்து அடிப்பாசியைச் சுரண்டினார். ஓரம் மழுங்கிய ப்ரொப்பல்லரை மாற்றினார். நங்கூரத்தைத் தவிர மீதி இரும்பையெல்லாம் இறக்கினார். தரைப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தால், படகு மிதப்பதற்காக அடியில் அடைத்திருந்த நுரைப்பஞ்சு பூராவும் தண்ணீர் குடித்து ஊறிக் கிடந்தது. அதை வாரி வாரி வெளியே போட்டார்.

அக்கா குனிந்து பார்த்தாள். அவள் கணுக்காலும் அப்போது நீர் கோத்து வீங்கித்தான் இருந்தது.

"பாவம், இதுக்கும் என் வியாதிதான். ஆஸ்பத்திரிக்கு இதையும் கூட்டிட்டுப் போயிடலாம்."

"வாய மூடு," என்றார் அத்தான். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதுப் பஞ்சு அடைத்தார். படகு கொஞ்சம் தேறியது. ஆனாலும் எழும்பவில்லை. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறவரை வேகம் வராது. தண்ணீர்மேல் ஏறி வழுக்க வேண்டும். இதுவோ மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு போனது.

4

பின்பக்கத்தில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சின் பிடியைப் பிடித்தபடி அவர், பக்கத்தில் தோளோடு தோளாக அவள். திரும்பும்போது அவர் தோளில் சாய்ந்து தூங்குவாள்.

ஒருநாள் அவள் துண்டு காற்றில் பறந்து முன்னால் போய் விழுந்தது. எடுக்கப் பிடித்துப் பிடித்து நடந்து போனாள். அவள் முனைக்குப் போய்ச் சேர்ந்ததும் படகின் மூக்கு இறங்கியது. எஞ்சின் சத்தமே மாறிவிட்டது. படகு எழும்பிப் பறந்தது!

"அங்கேயே இரு! அங்கேயே உக்காரு!" என்று அத்தான் கத்தினார். அப்படிச் சந்தோஷமாக அவர் கத்தி யாரும் கேட்டதில்லை.

அடுத்த நாளே கால் உடைந்த சாப்பாட்டு நாற்காலி ஒன்றின் மேல்பாகத்தை முன்பலகையில் நாலு போல்ட் போட்டு இறுக்கினார். முன்னே பார்த்தபடி. பேருந்தோ படகோ, இருக்கை முன்னேதானே பார்க்கும்.

பயண நேரம் பாதிக்கும் கீழே வந்தது. அக்கா சிகிச்சையை விடவில்லை.

கதையை இங்கேயே முடித்துவிடலாம். முடித்தும் பார்த்தேன்: "சூரிய ஒளியில் படகு..."

வேண்டாம். மிச்சம் இருக்கிறது.

5

ஓராண்டுக்கு மேல் அவள் முன்னால் உட்கார்ந்து போனாள். அத்தான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். "எப்படி இருக்கே?" என்று கத்துவார். எஞ்சின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அவள் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டுவாள். நல்லா இருக்கேன்.*

* ஒருமுறை என்னிடம் போனில் சொன்னாள்: "முன்னாடி காத்து மூஞ்சியில வந்து அடிக்கும்டா. அது ஒரு சௌகரியம்." என்ன சௌகரியம் என்று நான் கேட்கவில்லை. இது அத்தானுக்குத் தெரியாது.

அவள் இறந்தது படகில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், சிகிச்சை நடக்கும்போதே, இதயம் நின்றது. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெதுவாகப் போயிருந்தாலும் அதே கட்டில்தான்.

6

அவளுடைய போர்வையும் பையும் ஆஸ்பத்திரியில் இருந்தன. எடுத்து வர நானும் அத்தானும் போனோம்.

"நீ முன்னாடி உக்காரு மாப்ள. அப்பத்தான் எழும்பும்."

உட்கார்ந்தேன். படகு வேகம் பிடித்ததும் மூக்குக்கண்ணாடியெல்லாம் தண்ணீர். ஒன்றும் தெரியவில்லை. எழுந்து, நாற்காலியின் இருபக்கமும் காலைப் போட்டு, அதன் முதுகைக் கட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன். இப்போது அத்தான் எனக்கு நேரெதிரே.

படகு அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். எஞ்சினை அணைத்துவிட்டார்.

"என்னாச்சு அத்தான்?"

"எழும்பித்தானே போச்சு?"

"ஆமா."

"நீ இந்தப் பக்கம் பாத்து உக்காந்தும் போச்சு." அவர் குரல் பிசிறியது. "எடை முன்னாடி இருந்தாப் போதும். எந்தப் பக்கம் பாத்தா என்ன? நாலே நாலு போல்ட்டு மாப்ள. கழட்டித் திருப்பிப் போட்டிருந்தா அவ மூஞ்சியப் பாத்துட்டே போயிருப்பேன்."

அத்தான் குனிந்து நாற்காலிக்கு அடியில் இருந்த போல்ட்டுகளைப் பார்த்தார்.

"எனக்குத்தான் தோணல. அவளுக்குத் தோணியிருக்குமாடா?"

7

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

முதல் முடிவு: "தோணியிருக்காது அத்தான்" என்கிறேன். அப்படியானால் அத்தனை நாளும் வெறும் கவனக்குறைவால் போயிற்று. நாலு போல்ட்டை நினைத்து அவர் மிச்ச வாழ்நாளெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்.

இரண்டாவது: "தோணியிருக்கும்" என்று சொல்லி, அந்த போன் பேச்சையும் சொல்கிறேன். அப்படியானால் அவள் தெரிந்தேதான் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வலியில் முகம் கோணுவதை அவர் பார்க்கக் கூடாதென்று, கண்ணீரைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். இது அவரை ஆற்றுமா, கொல்லுமா?

மூன்றாவது: நான் வேறு பக்கம் திரும்பி...

இல்லை, அதற்கும் வழியில்லை. எஞ்சின் நின்ற படகு சரிந்து அமர்ந்துவிட்டது. நாங்கள் கிளப்பிய அலையே பின்னாலிருந்து வந்து எங்களை ஒருமுறை தூக்கி இறக்கியது. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நான் அவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் முகத்தில் ஓடுவதெல்லாம் அவருக்குத் தெரிகிறது. அவர் காத்திருக்கிறார்.

அக்காவை இப்போது உங்களுக்கும் கொஞ்சம் தெரியும். நான் அவருக்கு என்ன சொல்லட்டும்?