பட்டனைக் கட்டியது யார்

சுடலைமுத்துவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோதே எனக்கு வயிறு எரிந்தது. ஓசூரில் என் புருஷன் கங்கப்பன் வேலை பார்த்த, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசர் அவன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. உற்பத்தி ஏறவேண்டும் என்று இந்த மகராசன் ஒரு பட்டனை ரப்பர் டியூபால் இழுத்துக் கட்டிவிட்டான். கங்கப்பனின் வலது கை மணிக்கட்டோடு போனது. விசாரணையில், கங்கப்பனே கட்டிக்கொண்டான் என்று கூசாமல் சொன்னான். கையும் போய், வேலையும் போய், கெட்ட பெயர்தான் மிச்சம்.

இப்போது அவன் மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தான். தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, வீக்கத்துக்குள் பிளாட்டினச் சுருள் வைத்து அடைக்கவேண்டும். பீடி குடித்துக் கெட்ட நுரையீரல் முழு மயக்கத்தைத் தாங்காது என்று தொடையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். ஆள் விழித்திருப்பதில் ஒரு லாபமும் உண்டு. மூளையில் ஏதாவது பிசகினால் பேச்சும் கையும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். டாக்டர் கன்னடக்காரர், தமிழ் அரைகுறை. அதனால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக்கொடுக்கும் வேலை எனக்கு.

"பேரு சொல்லுங்க."

"சுடலைமுத்து."

"என்ன வேலை?"

"பிரஸ் ஷாப்புல சூப்பர்வைசரு தாயி. பயமா இருக்கு."

"தலையை அசைக்காதீங்க, பேசுனா போதும். கங்கப்பனைத் தெரியுமில்ல? நான் அவரு ஊட்டுக்காரி. அந்தப் பட்டனைக் கட்டுனது யாரு?"

என் மாஸ்க்குக்கு மேலே கண்ணைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. திமிர் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அவன் வலது கை என் பிடியிலிருந்து நழுவியது. உதடு ஒருபக்கம் கோணியது.

செத்துத் தொலையட்டும் என்றது மனசு. செத்துவிட்டால் எனக்கு யார் பதில் சொல்வது?

"சார், கை போச்சு! பேச்சும் போச்சு!" என்று கத்தினேன்.

சுருளின் நுனி நல்ல ரத்தக்குழாய்க்குள் நீட்டிக்கொண்டு ரத்தத்தை மறித்திருந்தது. டாக்டர் அதைப் பதறாமல் வெளியே இழுத்தார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் அசைந்தன. மறுபடியும் கேள் என்று எனக்குச் சைகை காட்டினார். கேட்டேன்.

"நாந்தான்... நாந்தான் கெட்டினேன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "குட், குட்" என்று சொல்லிவிட்டு, வேறு சுருள் வைத்து வேலையை முடித்தார். மணிக்கொரு தரம் பேச்சைச் சோதிக்கச் சொன்னார். எதைக் கேட்கவேண்டும் என்று சொல்லவில்லை. என் டியூட்டி முடியும்வரை அதையேதான் கேட்டேன்.

மறுநாள் அவனை வார்டுக்கு மாற்றினோம். பிரஸ் ஷாப்பிலிருந்து பழைய ஷிப்ட் ஆட்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுமாக அவனைப் பார்க்க வந்தார்கள். கங்கப்பனையும் பஸ் ஏறி வரச் சொல்லியிருந்தேன். கட்டிலருகே வந்து, வலது பக்கச் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு நின்றார்.

சுடலைமுத்துவின் முகம் வெளுத்தது. "வேண்டாம் தாயி," என்றான்.

"பேச்சைச் சோதிக்கோணும். டாக்டர் உத்தரவு. பட்டனைக் கட்டுனது யாரு?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வாயைத் தொறக்கலன்னா பேச்சு போச்சுன்னு டாக்டரைக் கூப்புடுவேன். மறுபடியும் தொடையில குத்துவாங்க."

"நாந்தான்," என்று முனகினான்.

"முழுசா சொல்லுங்க."

"நாந்தான் கெட்டினேன். கங்கப்பன் கெட்டல. விசாரணையில நான் சொன்னது பொய்யி."

ஹார்லிக்ஸ் வைத்திருந்தவர் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு அவனையே பார்த்தார். கங்கப்பன் மட்டும் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குச் சரியா காதுல உழல," என்றார். "இன்னொருக்கா கேளு."