வெந்நீர் மாவு

புதன்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து ஆண்கள் தெருவில் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், ஹமீதா பானு வீட்டுக் கூடத்தில் இருந்த சீனா மெஷின், முந்நூற்றுச் சொச்சம் இடியப்பத்தைப் பிழிந்து முடித்து, அடுத்ததைப் பாதியில் விட்டுவிட்டது. மோட்டார் நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாவுதான் இறங்கவில்லை. அச்சிலிருந்து வெளியே வந்த இழைகள் தட்டைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கின. மெஷினின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று, பல் போன கிழவர் முறுக்கைக் கடிக்க முயல்வதுபோல, கடக் கடக்கென்றது.

பள்ளிவாசலிலிருந்து தொப்பியோடு நுழைந்த அவள் கணவன் ஜாஃபர் சாதிக் சுவிட்சை அணைத்தான், போட்டான், மறுபடி அணைத்தான்.

“கரண்டு கம்மியா வருது போல,” என்றான். எந்த மெஷின் நின்றாலும் ஆண்கள் முதலில் சொல்வது அதுதான்.

“மோட்டார் ஓடுதே மச்சான். உள்ளுக்குள்ளதான் என்னமோ போயிடுச்சு,” என்றாள் ஹமீதா. ஞாயிற்றுக்கிழமை அரிசி மண்டி ஹபீப் முகம்மது மகனுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டுக் காலைப் பசியாறலுக்கு இரண்டாயிரம் இடியப்பம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். நடுவில் மூன்றே நாள்.

அந்த மெஷின் வந்த கதையைச் சொல்லாமல் அவள் வயிற்றெரிச்சல் புரியாது. முந்தின வருஷம் மேட்டூரில் சரியான காலத்தில் தண்ணீர் திறக்கவில்லை. குறுவை போனது, சம்பாவும் பாதிதான் தேறியது. நெல் விளைகிற இந்தப் பாபநாசம் ஊரிலேயே அரிசி விலை கேட்டால், கடைக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொல்லும் காலமாகிவிட்டது. டீக்கடைகளில் வடை சத்தமில்லாமல் சிறுத்தது. ஹமீதா இடியப்பத்தைச் சிறிதாக்க மனம் வராமல் ஒரு ரூபாய் ஏற்றிப் பார்த்தாள். வாடிக்கை வீடுகளில் பாதி ஒரே வாரத்தில் கோதுமை ரவைக்குத் தாவிவிட்டன. விலையை ஏற்ற முடியாது என்றால் கூடுதலாகப் பிழிந்துதான் கட்டுப்படி ஆக்க வேண்டும். பத்து வருஷமாக இடியப்பம் பிழியும் நாழியை அழுத்தி அழுத்தி அவளுடைய வலது தோள்பட்டை ஏற்கெனவே கைவிரித்திருந்தது. இனி அழுத்தினால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதே சமயத்தில்தான் ஜாஃபர் சவுதியின் தம்மாமிலிருந்து திரும்பி வந்தான். அங்கே புதிய சட்டம் போட்டு, வெளிநாட்டு ஆட்களை லாரி லாரியாகக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் கடந்து உழைத்த பன்னிரண்டு வருஷ சபுராளி வாழ்க்கையில் அவன் வீட்டில் இருந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. மகள் ஜஸீலாவுக்கு வாப்பா என்றால் போனில் வருகிற குரல். வந்த புதிதில் அவன் பக்கத்தில் உட்காரவே கூச்சப்பட்ட பெண், இப்போது தினமும் அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, ஊர்க்கதை முழுவதையும் அவன் காதில் கொட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறாள். அவன் கொண்டுவந்த கடைசிச் சம்பளமும் ஹமீதாவின் இரண்டு வளையல்களும் சேர்ந்துதான் அந்த மெஷின் ஆயிற்று.

தோஹாவில் இருக்கும் ஹமீதாவின் அண்ணன் மூஸா, ஜாஃபருக்கு ஒரு விசாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெரிய கடையில் ஸ்டோர் வேலை. திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். மெஷின் ஓடினால் ஜாஃபர் இங்கே இருப்பான், நின்றுபோனால் விமானம் ஏறுவான். அவர்கள் இருவரும் இதை உட்கார்ந்து பேசியதே இல்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் போகக் கூடாது என்று ஹமீதா ஆசைப்பட்டாள். அந்த ஆசையை வாய்விட்டுச் சொல்லப் பயந்துகொண்டு, இடியப்பமாகப் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஜாஃபர் சென்னையில் மெஷின் விற்றவருக்குப் போன் போட்டான். அந்த ஆள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். “மாவை எதுல பிசையிறீங்க?”

“வெந்நீர்லதான். கொதிக்கக் கொதிக்க.”

“போச்சு. அது பச்சத்தண்ணி மாவுக்கு செஞ்ச மெஷினுங்க. உள்ள பல்சக்கரம் பிளாஸ்டிக். சூட்டுல எளகிப் பல்லு மழுங்கியிருக்கும். அதான் புத்தகத்துலயே படம் போட்டிருக்கானே.”

மெஷினோடு வந்த புத்தகம் முழுக்கச் சீன எழுத்து. ஆனால் அந்தப் படத்தை அவர்கள் பார்க்காமல் இல்லை. ஆவி பறக்கிற பாத்திரமும் அதன்மேல் ஒரு பெருக்கல் குறியும் இருந்தன. அடுப்படிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது போலிருக்கிறது என்று இருவரும் கலந்து பேசி முடிவுகட்டி, மெஷினைக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தார்கள். அதன் பிறகு இரண்டு மாதமாக, மாவு ஆறிவிடக் கூடாதே என்று, அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் கொதிக்கிற மாவுச் சட்டியோடு ஓடிக்கொண்டிருந்தாள் ஹமீதா. இடியப்பத்துக்கு வெந்நீர் ஊற்றாமல் மாவு பிசைகிற ஒருத்தி இந்த உலகத்தில் இருப்பாள் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

பல்சக்கரம் தனியாக வராதாம், முழு செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம். அதுவும் கப்பலில் வர நாற்பது நாள் ஆகுமாம்.

விஷயம் மத்தியானத்துக்குள் ஹபீப் முகம்மது காதுக்குப் போய்விட்டது. நேரிலேயே வந்துவிட்டார். கோபமாகவெல்லாம் பேசவில்லை. அதுதான் ஹமீதாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“சென்னையில பாக்கெட்ல விக்கிதாம்மா. வெந்நீர்ல போட்டா இடியப்பமாயிடுமாம். முடியலன்னா இப்பவே சொல்லிடு, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.”

“சனிக்கிழம சாயங்காலம் அசருக்குள்ள சொல்றேன் மாமா,” என்றாள். என்ன தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அவர் போனதும் நாழியை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவை ஒரு ஈடு பிழிந்து பார்த்தாள். இழை துண்டு துண்டாக அறுந்தது, வெந்ததும் விறைத்துக்கொண்டது. புதிதாக ஒரு மெஷின் வாங்கி இந்த மாவைப் போட்டாலும் இதுதான் வரும். ஜாஃபர் ஒரு வாய் மென்றுவிட்டுத் தண்ணீர் குடித்தான். இதைக் கொண்டுபோய் ஒரு கல்யாணப் பந்தியில் போடுவதைவிடச் சும்மா இருக்கலாம்.

மறுநாள் காலையில் ஜாஃபர் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதி பார்த்துக்கொண்டிருந்தான். ஹமீதா அதைப் பார்த்தாள். நேரே கூடத்துக்குப் போய், மெஷினின் பின்மூடியில் ஒட்டியிருந்த சீல் காகிதத்தைக் கத்தி முனையால் கீறினாள்.

“ஏய், கேரண்டி போயிடும்.”

“அந்தக் கேரண்டிதான் நாப்பது நாளு கழிச்சுக் கப்பல்ல வருதாமே. திருப்புளிய எடுங்க.”

உள்ளே, வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரம் ஒன்று, ஓரமெல்லாம் மெழுகுபோல மழுங்கிப்போய் இருந்தது. மோட்டார் தண்டோடு சேர்ந்திருந்த இரும்புச் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாவு இந்தப் பக்கமே வருவதில்லை, சூடு மட்டும்தான் வருகிறது. இவ்வளவுதானா, இந்தக் கையளவுப் பிளாஸ்டிக்குக்காகவா என் குடும்பம் பிரிய வேண்டும் என்று அவளுக்கு ஆங்காரமாக வந்தது. வெள்ளைச் சக்கரத்தைத் துப்பட்டி முனையில் முடிந்துகொண்டு, ஜாஃபரின் வண்டியில் ஏறினாள்.

கும்பகோணம் சாலையில் தியாகேசனின் லேத்துப் பட்டறை. ஆற்றில் தண்ணீர் வராத வருஷமென்றால் போர்செட்டு மோட்டார்கள் இரவு பகல் ஓடிப் பழுதாகும். பட்டறை வாசல் முழுக்கப் பம்புகள் குவிந்து கிடந்தன. ஊர் வயல் காய்ந்ததில் கொழித்த ஒரே ஆள் நான்தான் என்று தன்னைத்தானே நொந்துகொள்கிறவர் தியாகேசன். சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வெளையாட்டுச் சாமான்ல போடுற சக்கரம்மா. பம்பு புஷ்ஷு போடுற கன்மெட்டல்ல, அதான் வெண்கலத்துல, வெட்டித் தர்றேன். சூடாவது ஒண்ணாவது.”

சாயங்காலமே தந்துவிட்டார். மஞ்சள் நிறத்தில் தங்கம் மாதிரி மின்னியது. மாட்டி சுவிட்சைப் போட்டதும் மெஷின் ஒரு அலறு அலறி, மேசையோடு நகர்ந்தது. ஜஸீலா காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஜாஃபர் சுவிட்சை அணைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தான்.

“விடு ஹமீதா. நம்மால ஆகுறதப் பாத்துட்டோம். அண்ணனுக்குப் போன் பண்ணிடுறேன்.”

“திங்கக்கெழம வரைக்கும் தவணை இருக்குல்ல?” என்றாள் அவள். “அதுக்குள்ள ஏன் மச்சான் இவ்ளோ அவசரமா கெளம்புறீங்க?”

அவன் போனை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வாடிக்கைக்காகக் கொஞ்சம் மாவு பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தியாகேசன் பார்த்தது தேய்ந்த சக்கரத்தை. தேய்ந்த பல்லைப் பார்த்து வெட்டினால் தேய்ந்த பல்தானே வரும்? அசல் பல் எப்படி இருந்தது என்று அதோடு பல்லுக்குப் பல் பொருந்தி ஓடிய அந்த இரும்புச் சக்கரத்துக்குத்தான் தெரியும். அதுவோ தண்டைவிட்டு வர மறுக்கிறது. கையில் இருந்த மாவைப் பார்த்தாள். வெந்நீரில் பிசைந்த மாவு. விரல் பட்ட இடத்தில் ரேகைகூடப் பதிந்திருந்தது.

இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்தாள். இரும்புச் சக்கரத்தைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி, மாவை அதன்மேல் வைத்து அழுத்தி, பிசிறில்லாமல் எடுத்தாள். பல்லும் பள்ளமும் எண்ணி எடுத்ததுபோல விழுந்திருந்தன. வெயிலில் வைத்தால் சுருங்கிவிடும், ஆவியில் வைத்தால் உப்பிவிடும். அதனால் ஈரத்துணியில் சுற்றி, ஜஸீலாவின் டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுபோனாள்.

தியாகேசன் டப்பாவைத் திறந்துவிட்டு, “பசியாறிட்டேனே தங்கச்சி,” என்றார். பிறகு உற்றுப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அளவுகோலை எடுத்து, மாவில் இருந்த ஒவ்வொரு பள்ளமாக அளக்க ஆரம்பித்தார். வாசலில் காத்திருந்த போர்செட்டுக்காரர்கள் முணுமுணுத்தபோது, “இருங்கய்யா, மொதல்ல சோத்துக்கு வழி பண்ணிட்டு அப்பறம் தண்ணிக்கு வர்றேன்,” என்று அடக்கிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அவரே சக்கரத்தோடு வீட்டுக்கு வந்து, தன் கையாலேயே மாட்டினார். ஹமீதா வேண்டுமென்றே தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பிசைந்தாள். மெஷினை ஏற்கெனவே அடுப்படிக்கு இழுத்து வந்திருந்தார்கள். இனிக் கொதிக்கிற சட்டியோடு கூடத்துக்கு ஓட்டம் கிடையாது. பிஸ்மில்லா சொல்லி ஜாஃபர் சுவிட்சைப் போட்டான். பழைய கடக் கடக் இல்லை, அலறலும் இல்லை. நெல் அறுக்கும் மெஷின் தூரத்து வயலில் ஓடுவதுபோல, கனமான ஒரு உறுமல். இழை இறங்கியது. அறுபடவில்லை. தட்டு நிறைந்தது, அடுத்த தட்டு நிறைந்தது, அதற்கடுத்ததும் நிறைந்தது. ஹமீதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தியாகேசன் நாகரிகமாகச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

அசர் பாங்கு சொல்வதற்கு முன்பே ஹபீப் முகம்மதுவுக்குத் தகவல் போனது. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் தொடங்கி, ஏழு மணிக்குள் இரண்டாயிரமும் வெந்து, ஓலைப் பெட்டிகளில் அடுக்கி மண்டபம் போய்ச் சேர்ந்தன. எட்டு மணிக்கு மண்டபத்திலிருந்து ஆள் வந்தது. ஹமீதாவுக்கு ஒரு கணம் உயிரே போய்விட்டது.

“இன்னும் முந்நூறு வேணுமாம் அக்கா. பொண்ணு வீட்டுக்காரங்க பந்திய விட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க.”

பந்தி முடிந்து ஹபீப் முகம்மது கழுத்தில் போட்ட மாலை வாடுமுன் நேரே வந்தார். “பாக்கெட்டு வாங்கியிருந்தா என் மானம் போயிருக்கும்மா,” என்றார். அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை கேட்டவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. அன்று மாலைக்குள் இன்னும் மூன்று கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று.

திங்கட்கிழமை காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. திருத்துறைப்பூண்டியிலிருந்து மர்யம் என்று ஒரு பெண். அதே மெஷின் வாங்கி அதே வெந்நீரை ஊற்றியவளாம். சென்னைக்காரரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள் சொல்லி வந்திருந்தாள். கைக்குட்டையைப் பிரித்து, மழுங்கிய வெள்ளைச் சக்கரம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அவளைப் போல இன்னும் நாலு பேர் அந்தப் பக்கம் இருக்கிறார்களாம்.

“உக்காருங்க, மொதல்ல பசியாறுங்க,” என்றாள் ஹமீதா. “வேலை முடிஞ்சதும் பட்டறைக்குப் போவோம்.”

அவளுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது ஜாஃபரின் போன் அடித்தது. மூஸா. ஜாஃபரின் இரண்டு கையிலும் மாவு. அவன் போனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

“நீயே சொல்லிடு,” என்றான்.

ஹமீதா போனை எடுத்தாள். “அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணே.”

“வ அலைக்கும் சலாம். மாப்ளே என்ன முடிவு பண்ணியிருக்காரு? இன்னைக்குச் சொல்லணும் ஹமீதா. அது என்ன அங்க அவ்ளோ சத்தம்? ஒண்ணுமே கேக்கல.”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை நீட்டிப் போனை மெஷினுக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஜாஃபர் நிறைந்த தட்டை எடுத்துவிட்டு வெறுந்தட்டை அடியில் வைத்தான். ஆவி பறக்க, வெள்ளை வெளேரென்று, இழைகள் அதன்மேல் வட்டமிட்டு இறங்கத் தொடங்கின.