எந்த மாசம் வரட்டும்?

ஏற்காட்டுக்கு எந்த மாதம் வந்தால் நல்லது என்று கேட்டு என் விடுதிக்கு ஒரு நாளைக்குப் பத்துப் போனாவது வரும். நான் எரிந்து விழாமல் பதில் சொல்லும் ஒரே கேள்வி அதுதான். மற்றபடி எனக்கு வாய் கொஞ்சம் நீளம். டிவி ஓடுமா, குரங்கு வருமா, ராத்திரி பரோட்டா கிடைக்குமா என்று குடைபவர்களிடம், "அதுக்கு ஊட்டுலயே இருந்துக்கலாமுங்களே" என்று சொல்லி எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன். மாதத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் தானாகக் குழைந்துவிடும்.

"மே மாசம் வாங்க, மலர்க் கண்காட்சி இருக்குதுங்க. ஜூன்ல பலாப்பழம். நவம்பர்ல வந்தீங்கன்னா மேகம் ரூமுக்குள்ளயே வருமுங்க. சனவரியில குளிரு நொம்ப நல்லாருக்கும். மார்ச்சுல மழை பேஞ்சு ஒம்பதாம் நாள் காப்பிப் பூ பூக்குமுங்க. அந்த வாசனைக்கே வரலாம்."

பன்னிரண்டு மாதத்துக்கும் என்னிடம் பதில் இருந்தது. எதுவும் பொய் இல்லை. நான் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதிய ரைட்டரின் மகன். எந்த மழைக்கு எது பூக்கும், எந்தப் பனிக்கு எது கருகும் என்று அப்பா வாயால் கேட்டு வளர்ந்தவன்.

இதே கேள்வியை என் அக்காவும் கேட்பாள். "எந்த மாசம் வரட்டும் சாமி?"

அக்கா சாந்தாமேரி என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரிவிட்டதும், காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்ததும், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால் வாத்தியாரிடம் சண்டைக்குப் போனதும் அவள்தான். ஆத்தூரில் கட்டிக்கொடுத்தோம். அப்பாவும் போன பிறகு, வீட்டை விருந்தினர் தங்கும் இடமாக மாற்ற நினைத்தேன். அதற்கு அவள் கையெழுத்து வேண்டியிருந்தது. வந்தாள். காட்டிய இடத்திலெல்லாம் போட்டாள்.

"நான் வர்றப்ப அந்தப் பள்ளத்துப் பக்கத்து ரூம மட்டும் குடு சாமி. அது போதும் எனக்கு" என்றாள்.

அவள் பிறந்தது அந்த அறையில். அம்மா கண்ணை மூடியதும் அதில்தான். "உன் ஊடுக்கா இது, என்னைய எதுக்குக் கேக்கற" என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன். அடுத்த மாதமே அங்கிருந்த இரும்புக் கட்டிலைக் கொட்டகையில் போட்டுவிட்டு, புது மெத்தை வாங்கி, கதவில் மூன்று என்று எண் எழுதினேன். ஜன்னலைத் திறந்தால் மலைச்சரிவு முழுக்கத் தெரியும். யார் வந்தாலும் முதலில் கேட்பது மூன்றாம் நம்பரைத்தான்.

அப்புறம் ஆறு வருடம். அக்கா மே மாதம் வரட்டுமா என்பாள். "சீசன் நெரிசல்க்கா, பஸ்ஸுல நிக்கக்கூட எடம் இருக்காது" என்பேன். ஜூனில், "மழையில வழுக்கும், உன் முட்டிக்கு ஆவாது." நவம்பரில், "மேகம் ரூமுக்குள்ளயே வருது, உனக்கு வீசிங் புடிச்சிக்கும்." சனவரியில், "இந்தக் குளிரு உனக்குத் தாங்காது." மார்ச்சில், "காப்பிப் பூ வாசனை உன் நெஞ்சுக்குச் சேராதுக்கா." அதிலும் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஊராரை வரச் சொல்லி அடுக்கிய அதே காரணங்களைத்தான் அவளுக்கு வர வேண்டாம் என்று சொல்லவும் வைத்துக்கொண்டேன். அவள் ஒவ்வொரு தடவையும், "செரி சாமி, உடம்பப் பாத்துக்க" என்று போனை வைத்துவிடுவாள். அக்கா உடம்பின் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்று நானே மெச்சிக்கொள்வேன். அதை நினைத்தால்தான் இப்போது என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த வருடம் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. வெள்ளியும் லீவு. சனிக்கிழமை நவம்பர் இரண்டு, எங்களுக்குக் கல்லறைத் திருநாள். செத்தவர்களின் கல்லறையைக் கழுவி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். அந்த நான்கு நாளுக்கும் ஒரு மாதம் முன்பே எல்லா அறையும் நிரம்பிவிட்டது. அக்டோபர் கடைசியில் அக்கா கூப்பிட்டாள்.

"கல்லறைத் திருநாளுக்கு வரட்டுமா சாமி? அம்மாளுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்தோணும். இந்த வருசம் வந்தாவோணும்."

"ஊடு நெறைய ஆளுங்கக்கா. அடுத்த வாரம் வா, கூட்டம் கொறஞ்சிரும்."

"கல்லறைத் திருநாளு அடுத்த வாரம் வராதே கண்ணு" என்றாள்.

"உன் பேர்ல நானே ஏத்திடறேன்க்கா."

பிறகு அதே "செரி சாமி" வந்தது. இந்த வருடம் ஏன் வந்தாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாசலில் ஒரு கார் வந்து நின்றிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போக நாலு மணி ஆகிவிட்டது. எப்போதும் அப்படித்தான், தங்கியிருப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு போட்டுவிட்டுக் கடைசி ஆளாகப் போவேன். அம்மா கல்லறை கழுவித் துடைத்திருந்தது. செவ்வந்தி மாலை, பாதி எரிந்த மூன்று மெழுகுவர்த்தி. வருடா வருடம் நான் போகும்போது இப்படித்தான் இருக்கும். மாதா கோயில் பிள்ளைகள் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கே குழி வெட்டும் ஐயாக்கண்ணு மண்வெட்டியோடு வந்தார். "ஏனுங்க, அக்கா ஊட்டுக்கு வரலீங்களா? இப்பத்தான் எறங்கிப் போறாங்க."

"எந்த அக்கா?"

"உங்க அக்காதானுங்க. வருசா வருசம் குப்பனூர் வழி பஸ்ஸுல வந்துட்டுப் போறாங்களே. காப்பித் தோட்டத்து ஒத்தையடிப் பாதையில ஏறி வருவாங்க. மூச்சு வாங்கிட்டு இந்தக் கல்லு மேல உக்காருவாங்க. ரோட்டுல வந்தா தம்பி ஊட்டத் தாண்டோணும், பாத்தா அது சங்கடப்படும்னு சொல்லுவாங்க."

செவ்வந்தி மாலையைத் தொட்டுப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"இன்னிக்கு அம்மா பக்கத்துல இருக்கற எடத்தக் காட்டி, எனக்கு ஆவுமான்னு கேட்டாங்க. கோயில் சாமியார்கிட்டயும் சொல்லி வெச்சிட்டாங்களாம். எந்த மாசம் வந்தாலும் எடம் இருக்குமில்லன்னு ரெண்டு தரம் கேட்டாங்க. இங்க ஏதுங்க சீசனுன்னு சொல்லி அனுப்பிச்சேன்."

பைக்கை எடுத்துக்கொண்டு ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். சுற்றுலா வண்டிகள் அடைத்துக்கொண்டதால் பஸ் எதுவும் வரவில்லை. ஒரு மூடிய கடையின் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பாதி உடம்பு ஆகியிருந்தாள். காதை மூடிக் கம்பளித் துண்டு, மடியில் மெழுகுவர்த்திப் பெட்டியின் காலி அட்டை. என்னைப் பார்த்ததும் திருடி அகப்பட்டவள் மாதிரி எழுந்து நின்றாள்.

"கோவிச்சுக்காத சாமி. உனக்குத் தொந்தரவு வேண்டாம்னுதான்."

அந்தச் சொல்லுக்குப் பதிலாக அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். "வாக்கா, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

"ஆளுங்க இருக்கறாங்களே. எங்க படுக்கறது?"

மூன்றாம் நம்பரில் பெங்களூர்க்காரர்கள் இருந்தார்கள். நானும் என் மனைவியும் சமையலறையில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். "எடத்த எதுக்குக்கா பாத்து வெச்ச?" என்று கேட்டேன்.

"நெஞ்சுல கட்டி சாமி. பொங்கல் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லீட்டாரு. அதான் கண்ணால ஒரு தரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." காய்கறிக் கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

நடுரோட்டில் நின்று அழுதேன். கார்க்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான். அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "ரூம காலி பண்ணி வெக்கறேன்க்கா. நீ எப்ப வர்ற?" என்று கேட்டேன். ஆறு வருடத்தில் நான் அவளை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எந்த மாசம் வரட்டும்?" என்றாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகத்தான் கேட்டாள்.

"எப்ப வேணாலும் வாக்கா" என்பதற்குள் பஸ் வந்துவிட்டது. "செரி சாமி, வர்றேன்" என்று ஏறிக்கொண்டாள். யாரோ ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தது ஜன்னல் வழியே தெரிந்தது.

திங்கட்கிழமை மூன்றாம் நம்பரைக் காலி செய்தேன். மெத்தையைத் தூக்கிவிட்டு, கொட்டகையில் கிடந்த இரும்புக் கட்டிலைத் துரு சுரண்டிப் பெயின்ட் அடித்துப் போட்டேன். கதவிலிருந்த எண்ணை அழித்தேன். கிறிஸ்துமஸுக்கு எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்கவில்லை. ஞாயிறுதோறும் அக்காவைக் கூப்பிட்டேன். வண்டி எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றால், "கொஞ்சம் தெம்பு வரட்டும் சாமி" என்பாள். "ரூமு காலியா இருக்குதுக்கா" என்பேன். "சீசன்ல எதுக்குப் பூட்டி வெக்கற, ஆளுங்களுக்குக் குடு" என்பாள். நான் அவள் மனம் நோகாமலிருக்கச் சும்மா சொல்கிறேன் என்று அவள் நினைத்தது அப்போது எனக்குப் புரியவே இல்லை.

மாட்டுப் பொங்கலன்று காலையில் அக்கா மகள் ஷெர்லின் கூப்பிட்டாள். அக்கா போய்விட்டாள். மதியத்துக்குள் மலைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னாள். மற்ற அறைகளில் இருந்தவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தேன். கூடத்தைக் கழுவி, அவள் அறைக்கு வெள்ளை விரிப்புப் போட்டு, தலைமாட்டில் அம்மா படத்தை வைத்தேன். அந்த அறையில் கொஞ்ச நேரமாவது அவளைக் கிடத்த வேண்டும். அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும்.

ஒரு மணிக்கு அமரர் ஊர்தி வளைவில் திரும்பியது. கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி வேகம் குறையாமல் வீட்டைத் தாண்டி மாதா கோயில் பக்கம் போனது. "இங்கதான், இங்கதான்" என்று கத்திக்கொண்டு செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன்.

கோயில் வாசலில் பெட்டியை இறக்கியிருந்தார்கள். "ஏன் கண்ணு, ஊட்டுக்குக் கொண்டாரல?" என்று ஷெர்லினைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "அம்மா சொல்லீட்டாங்க மாமா. பொங்கல் லீவு, மாமா ஊட்டுல ஆளுங்க தங்கியிருப்பாங்க, செத்த பொணத்தக் கொண்டுபோயித் தொந்தரவு பண்ணாதீங்க, நேராக் கோயிலுக்குக் கொண்டுபோயிருங்கன்னு."

பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பெட்டிப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"ரூமு காலியாத்தான் இருக்குதுக்கா" என்றேன்.