வானவில் பாம்புக்கு வாசனைப் படுக்கை

கீலுங்கில் மழை பெய்தால் செய்தியில்லை, நின்றால்தான் செய்தி. அந்த ஊரில் சுவரில் பூசணம் பிடிக்காத வீடு என்றால் அது ஐந்தாம் மாடி பெய்ரோங்கின் வீடு. இதை அவளே எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். ஈரம் உறிஞ்சும் மெஷின் அங்கே ஓய்ந்ததே கிடையாது.

அப்படிப்பட்டவளிடம்தான் எதிர்வீட்டு மிங்யுவான் தன் வானவில் போவா பாம்பைக் கண்ணாடிப் பெட்டியோடு ஒப்படைத்தான். அப்பாவின் கால் ஆபரேஷனுக்காக அவன் ஹுவாலியன் போக வேண்டியிருந்தது.

"அக்கா, இவளுக்கு ஈரம்தான் உயிரு. அடியில தேங்கா நார்த்தூளு, மேல பாசி. ரெண்டும் காயவே கூடாது. தெனம் தண்ணி தெளிங்க, போதும்."

"யார்கிட்ட சொல்றே? ரெண்டு புள்ளைய வளத்தவ நான்!"

வளர்த்த லட்சணம் சீக்கிரமே தெரிந்தது. கூடத்தில் ஈர நாரின் மண்வாடை அடிக்க, விருந்தாளி யாரேனும் மூக்கைச் சுளித்தால் என்ன ஆவது என்று அவளுக்குத் தூக்கம் போயிற்று. நாரையும் பாசியையும் அள்ளிக் குப்பையில் கொட்டினாள். குளியல் தொட்டிக்கென்று பணக்காரர்கள் தேடி வாங்கும் ஹினோகி மரத்தின் சீவலை வாங்கிப் பரப்பினாள். மொறமொறவென்று காய்ந்த சீவல், கும்மென்று மணம். ராஜகுமாரிக்குக்கூட இப்படியொரு மெத்தை கிடைக்காது என்று அவளுக்குப் பெருமை.

பாம்புக்குச் சட்டை உரிகிற நேரம் வந்தது. உரியவில்லை, கிழிந்த காகிதம்போல் உடம்பெங்கும் ஒட்டிக்கொண்டது. மூச்சில் ஒரு விசில். பயந்துபோய் போனில் தேடிப் படித்தாள்: வறண்ட படுக்கையில் சட்டை கழலாது, வாசனை மரத்தின் எண்ணெய் பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது. படித்து முடித்தவள் அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் புது நார்த்தூள் வாங்கி நனைத்துப் போட்டாள். சீவலை அள்ளிப் பையில் போட்டுக் குளியல் தொட்டிக்கடியில் ஒளித்தாள்.

ஊர் திரும்பிய மிங்யுவான் பாம்பை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். வந்து அவளிடமே மன்னிப்புக் கேட்டான்.

"நோயோட உங்க தலையில கட்டிட்டுப் போயிருக்கேன்க்கா. வாசனை மரம் எதுவும் போட்டீங்களான்னு டாக்டர் கேட்டாரு. இல்லவே இல்லைன்னுட்டேன். அப்ப என்ன மருந்து குடுக்கறதுன்னு அவருக்கே குழப்பம்."

கையில் ஹுவாலியன் மோச்சி இனிப்புப் பெட்டியைத் திணித்துவிட்டுப் போனான். ஒன்றைக் கடித்தாள். மீதியைப் பெட்டியிலேயே வைத்து மூடினாள்.

சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. கட்டடமே பையும் குடையுமாய்க் கீழே இறங்கியது. பெய்ரோங் சீவலை இரண்டு பைக்குள் கட்டியிருந்தாள். மணத்தை யார் கட்டிவைப்பது?

"என்னடி, உன் வீட்டுக் குப்பைகூட மணக்குது!" என்றாள் கீழ்மாடி சாய் அத்தை. "கோடீஸ்வரி குப்பை போடறா, வழி விடுங்கப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். மிங்யுவானும் திரும்பினான்.

"பீரோவுல பூச்சி வராம இருக்க வெச்சிருப்பாங்க அத்தை," என்று அவளுக்காகப் பரிந்து பேசினான்.

தலையாட்டினால் போதும், தப்பித்திருப்பாள். அவள் முகம் காதுவரை எரிந்தது.

"பீரோவுல இல்லப்பா. உன் பாம்புப் பெட்டியில போட்டேன். நார்த்தூள நான்தான் வீசினேன். மெஷினையும் பக்கத்துலயே வெச்சேன்."

சிரிப்பு அடங்கியது. மிங்யுவான் பையைக் கீழே வைத்தான். மழையிலேயே போனை எடுத்தான்.

"டாக்டர், வாசனை மரம் இருந்திருக்கு. ஹினோகி. ஆமா... தெரியாம நடந்துபோச்சு."

தெரியாமல் என்ற அந்தச் சொல்லில் அவள் குறுகிப்போனாள். அதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது. பை அவள் கையிலேயே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடியும் ஏறினாள். பின்னாலேயே மணமும் ஏறியது, அதன் பின்னால் மிச்சக் கதையைக் கேட்கச் சாய் அத்தையும்.