டனிஸ்ரனின் மூன்றாவது ஜாக்கெட்

மொன்றியலில் அமெரிக்கப் பாணிக் கால்பந்து என்றொரு விளையாட்டு உண்டு, என் செல்லங்களே. பெயரில் மட்டுந்தான் கால். பந்தைக் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலையில் சட்டி மாதிரி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு, ஆளை ஆள் முட்டி விழுத்துவார்கள். விழுகிறவர்களை நான் நக்கலடிக்க மாட்டேன். அவர்களுக்கு உடம்பு நோகும். கரையில் நின்று கத்துகிற தலைமைக் கோச்சையும் விட்டுவிடுகிறேன். அவருக்கு வீடு இருக்கிறது, ஏரிக்கரையில் படகும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது, அவருக்குப் பின்னால் ஓர் அட்டையைப் பிடித்தபடி தலையாட்டிக்கொண்டு நிற்கிற உதவிக் கோச்சைப் பற்றி.

டனிஸ்ரன் அப்படி ஒருவன். மன்னாரிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவன். பல்கலைக்கழக அணியில் சேர்ந்து, படித்த காலம் முழுக்கக் களத்தில் இறங்காமல் கரையில் வாங்கைத் தேய்த்தான். படிப்பு முடிந்ததும் கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போக, இவன் அதே அணிக்குச் சம்பளமில்லாமல் வீடியோ பிடிக்கப் போனான். பிறகு அணியை ஏற்றி இறக்க வான் ஓட்டினான். பிறகு பின்வரிசைக்காரருக்குப் பயிற்சி கொடுத்தான். இந்த ஏணியில் ஒரு விசேஷம் உண்டு. தலைமைக் கோச்சை வேலையிலிருந்து கலைத்தால் உதவிக் கோச்சுகளையும் சேர்த்தே கலைத்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர் தன் ஆட்களோடு வருவார். ஏறிய படியெல்லாம் போய், வேறோர் இடத்தில் வேறோர் ஏணியின் கீழ்ப்படி. இதற்கு டனிஸ்ரன் வைத்த பேர் ‘கரியர்’.

பயிற்சி கொடுப்பதுகூட அவனுடைய முக்கிய வேலையில்லை. கெட்டிக்காரப் பெடியன்கள் இருக்கிற வீடுகளுக்குப் போய், தாய்மாருக்கு முன்னால் இனிக்கக் கதைத்து, பிள்ளையைத் தன் அணிக்கு இழுத்துக்கொண்டு வரவேண்டும். அதுதான் வேலை.

அப்படித்தான் 2005இல், சாம்பல் நிற அணி ஜாக்கெட்டோடு, மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த அக்னெஸ் வீட்டுக்கு வந்தான். அக்னெஸுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. புருஷன் அருமைநாதன் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். மகன் றெக்ஸ் வாசல் நிலையை நிறைத்துக்கொண்டு நிற்கிற உடம்புக்காரன்.

“மடு மாதாவாணைச் சொல்லுறன் அன்ரி, றெக்ஸை என்ர சொந்தத் தம்பி மாதிரிப் பாப்பன். அவன் படிச்சு முடிக்குமட்டும் கூட நிப்பன்” என்றான்.

றெக்ஸ் போனான். ஒரே ஒரு பருவம். அங்கே தலைமைக் கோச்சைக் கலைத்தார்கள். டனிஸ்ரன் இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஒட்டிக்கொண்டு, மண்ணிற ஜாக்கெட்டோடு அதே சோபாவில் வந்து குந்தினான்.

“அங்க இனி எதிர்காலமில்லை அன்ரி. இஞ்சதான் எல்லாம்.”

பல்கலைக்கழகம் மாறுகிறவன் ஒரு வருடம் விளையாட முடியாது என்பது விதி. அந்த விதியை, போகும்போது கதவைத் திறந்துகொண்டுதான் சொன்னான். ஆனாலும் அவன் மேலிருந்த பாசத்தில் றெக்ஸ் மாறினான். ஒரு வருடம் கரையில் நின்று மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்தான். வருடம் முடிந்து அவன் களத்தில் இறங்க இருந்தபோது, அங்கேயும் தலைமைக் கோச் போனார். டனிஸ்ரன் மூன்றாவது முறையும் வந்தான். இந்தத் தடவை மஞ்சள் ஜாக்கெட்.

“அக்னெஸ், தரகர் வந்திட்டார்!” என்றார் அருமைநாதன். “இந்த முறை மாப்பிள்ளை ஆர் தம்பி?”

“பகிடி விடாதேங்கோ அங்கிள். இது பெரிய இடம். கார்ல மூண்டு மணித்தியாலந்தான். றெக்ஸைக் கொண்டுவந்தா, தடுப்பாட்டம் முழுக்க என்ர பொறுப்பில விடுறனெண்டு கோச் சொல்லிப்போட்டார்.”

“அப்ப பிள்ளை இன்னொரு வருசம் கரையில நிக்கோணும்?” என்று கேட்டாள் அக்னெஸ்.

“ஒரு வருசந்தானே அன்ரி. கண்ணை மூடித் திறக்கப் போயிடும்.”

“மூடுறது நீர். நிக்கிறது என்ர பிள்ளை.”

றெக்ஸ் டனிஸ்ரனையே பார்த்துக்கொண்டு நின்றான். விளையாட அவனுக்கு மிச்சமிருந்ததே கொஞ்சக் காலம். ஆனால் டனிஸ்ரன் கேட்டால் அதையும் தூக்கிக் கொடுத்துவிடுவான். அவன் முகம் அப்படித்தான் இருந்தது.

எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசும் முறை உங்களுக்குத் தெரியுந்தானே. தரகர் எவ்வளவு தேன் வார்த்தாலும் அவரோடு முடிவு சொல்ல மாட்டோம். மாப்பிள்ளையின் தாயோடு நேரே நாலு கதை கதைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அக்னெஸ் அதையே செய்தாள்.

“உம்மட பெரியவருக்குப் போன் அடியும். நான் கதைக்கோணும். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி மேசையில வையும்.”

டனிஸ்ரன் தயங்கித் தயங்கி அழைத்தான். “பொன்ஜூர் மதாம்!” என்று செல்போனுக்குள்ளிருந்து உற்சாகமான ஒரு குரல் வந்தது. வார்டுகளில் கூட்டித் துடைத்தபடி பழகிய பிரெஞ்சில் அக்னெஸ் நேரே விஷயத்துக்கு வந்தாள். என் மகன் டனிஸ்ரனை நம்பித்தான் வருவான். டனிஸ்ரன் அங்கிருந்தும் போய்விட்டால் இவனை யார் பார்ப்பது?

“அந்தக் கவலையே வேண்டாம் மதாம்” என்றார் தலைமைக் கோச். “எங்களுக்குத் தேவை உங்கள் மகன். டனிஸ்ரன் போனால் என்ன, அவனைப் போல எத்தனையோ பேர் வாசலில் நிற்கிறார்கள்.”

“அவருக்கு ஏதோ பெரிய பொறுப்புக் கொடுக்கிறீர்களாமே?”

“அதுவா? பார்ப்போம். இன்னும் இரண்டு பேருக்கும் அதைச் சொல்லி வைத்திருக்கிறேன். யார் நல்ல பிள்ளைகளைக் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கு.”

டனிஸ்ரன் தலையாட்டிக்கொண்டிருந்தான். போனுக்குக் கண் கிடையாது, செல்லங்களே. ஆனாலும் ஆட்டினான். பழகின தலை.

“பாத்தீங்களே அன்ரி,” என்றான், அழைப்பு முடிந்ததும். “எவ்வளவு வெளிப்படையான மனுசன்!”

அப்போதுதான் றெக்ஸ் வாயைத் திறந்தான். “அண்ணை, உங்களைப் பற்றித்தானே அப்பிடிச் சொன்னவர்?”

“இந்தத் தொழில்ல அப்பிடித்தானடா கதைப்பினம். மனசில வச்சிருக்கக் கூடாது.”

“அப்ப எங்கட வீட்டில மடு மாதாவிலை சத்தியம் பண்ணினதும் தொழில் கதைதானோ?”

டனிஸ்ரன் சோபாவின் கைப்பிடியைத் தடவினான்.

“நான் வரேல்லை, அண்ணை. நிக்கிற இடத்திலயே விளையாடப் போறன்.”

இந்த இடத்தில் அவன் கொஞ்சம் வெட்கப்பட்டிருந்தால்கூட நான் அவனைப் பற்றி மெதுவாகக் கதைத்திருப்பேன். அவன் எழும்பினான். ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டான்.

“றெக்ஸ், உன்னோட முன்வரிசையில ஒரு ஹெயிட்டிப் பெடியன் நிக்கிறானெல்லே? அவன்ர தாய் எங்க இருக்கிறா?”

அருமைநாதன் வாய்விட்டுச் சிரித்தார். அக்னெஸ் தலையில் கை வைத்தாள். றெக்ஸ் சிரிக்கவில்லை. தெருப் பேர், கட்டட இலக்கம், எந்த பஸ் போகும் என்பது வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். டனிஸ்ரன் அவன் தோளில் தட்டிவிட்டுப் படியிறங்கினான்.

காலடிச் சத்தம் கீழ்மாடியைத் தாண்டுமுன்பே றெக்ஸ் வீட்டுப் போனை எடுத்துவிட்டான். அந்த ஹெயிட்டிச் சிநேகிதனின் தாய் மறுமுனையில் ‘அலோ’ என்றதும், தன் தாயைக் கூப்பிட்டு ரிசீவரை அவள் கையில் கொடுத்தான்.

“நீங்களே சொல்லுங்கோ அம்மா. தரகரிட்டைக் கேளாமல் பெரியவரிட்டை என்ன கேக்கோணுமெண்டு.”