மூடச் சொன்ன பக்கம்

இந்தக் காலத்தில் எவனும் சொன்ன சொல்லில் நிற்பதில்லை. சாவியைக் கொடுத்தால் பீரோவைக் குடைவான். போனைக் கொடுத்தால் நாம் காட்டிய போட்டோவை விட்டுவிட்டு அடுத்ததைத் தள்ளிப் பார்ப்பான். துறைமுகத்தில் மூட்டை சுமந்த காலத்திலிருந்து லோகநாதன் சொல்லிவருவது இது. பெண்டாட்டி பிணமாகக் கிடக்கிற இன்றைக்கும், ஷாமியானாவுக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு டென்னிசைத் தேடிப் போகும்போது, அதையேதான் முனகிக்கொண்டு போனார்.

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் டென்னிஸ். கம்ப்யூட்டரும் ரிப்பேர் பார்ப்பான். கையில் ரோஜா மாலையோடு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். மேளச் சத்தத்தில் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்துத் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"நேத்து இன்னாடா படிச்ச?"

டென்னிஸ் முழித்தான்.

அவர் பெண்டாட்டி கெங்கம்மாவுக்குப் போன வருஷம் தொண்டையில் கட்டி. புகையிலை செய்த வேலை. குரலையே வெட்டி எடுத்துவிட்டார்கள். அவள் எட்டாவது வரை படித்தவள். அதனால் மகள் ஷாலு கட்டிலை ஒட்டி ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, எழுதினால் அதுவே வாசிக்கிற மாதிரி செய்து கொடுத்தாள். கெங்கம்மா ஒற்றை விரலால் 'யோவ் கெய்வா, துன்னியா?' என்று தட்டுவாள். செய்தி வாசிக்கிறவளைப் போல ஒரு பெண் குரல் அதை எழுத்துப் பிசகாமல் சொல்லும். எதிர்வீட்டில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். லோகநாதன் அந்தக் குரலை மதிக்கமாட்டார். கெங்கம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் "துன்னேன், துன்னேன்" என்பார். ஆனால் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத அவருக்கு அந்தக் குரலை விட்டால் வேறு கதியும் இல்லை. சொல்லி முடித்ததும் கெங்கம்மா எழுதினதை அழித்துவிடுவாள். பேச்சை யார் எடுத்து வைப்பார்கள்?

நேற்று ஷாலு வேலைக்குப் போனபிறகு கெங்கம்மா வெகுநேரம் தட்டினாள். நிறுத்துவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி தட்டுவாள். திரை கொள்ளாமல் எழுத்து. பொத்தானை அமுக்கினாள். சத்தமில்லை. இன்னொரு தடவை அமுக்கினாள். மணலிக்குப் போகிற டேங்கர் லாரிச் சத்தம்தான் கேட்டது.

"ஷாலு வரட்டும், படிச்சி சொல்வா" என்றார் லோகநாதன்.

வேண்டாமென்று தலையாட்டினாள். விரலைத் திரைக்கு நீட்டி, பிறகு அதை அவர் மார்பில் வைத்தாள்.

அதற்கப்புறம்தான் அவர் டென்னிசைக் கூட்டிவர ஓடினார்.

"ராத்திரி தானா ஒரு அப்டேட் ஏறிகீது நைனா. சவுண்டு டிரைவர கெடுத்துட்ச்சி. அத்த எடுத்துட்டு பழச போட்டா பேசும்" என்றான் டென்னிஸ், வரும் வழியிலேயே எல்லாம் கேட்டுக்கொண்டு.

"கேக்காம கொள்ளாம எவன்டா வூட்டுக்குள்ள பூந்து மாத்தினவன்? கதவ பூட்டிகினுதான படுத்தேன்?"

டென்னிஸ் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரப் போனான். லோகநாதன் தோள் துண்டை உதறித் திரைமேல் போட்டார்.

"அதுல கீற எழுத்த நீ பாக்கக்கூடாது. புருசன் பொண்டாட்டி சமாச்சாரம்."

"துணி போட்டா நான் எப்புடி வேல செய்றது?"

"அப்ப எழுத்த மூடு. மூஞ்சிய அந்தாண்ட வச்சிகினு மூடு."

"ஒரு நிமிசம் பாத்து, எடுத்து வச்சிட்டு..."

"பாக்காதன்றேன்ல! மூடுறா."

டென்னிஸ் துண்டின் ஓரத்தைத் தூக்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மூடினான்.

பிறகு வேலை நல்லபடியாகத்தான் நடந்தது. பழையதைப் போட்டான், அணைத்து மறுபடி உயிர்ப்பித்தான். செய்திக்காரி "வணக்கம்" என்றாள். லோகநாதன் கீபோர்டைத் தூக்கிக் கெங்கம்மாவின் மடியில் வைத்தார். "பேசுது கெங்கா, பேசுது. இப்ப அமுக்கு."

அவள் வெள்ளையாகக் கிடந்த திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மூடின எழுத்தை டென்னிஸ் எங்கெங்கோ தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கெங்கம்மா விரலை ஒரு எழுத்தின் மேல் வைத்தாள். அமுக்கத் தெம்பில்லை. கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் மூச்சு நின்றது.

"நான் ஒன்னும் படிக்கல நைனா" என்றான் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் நின்ற டென்னிஸ். "நீதான பாக்கக்கூடாதுன்ன?"

"அது சும்மா சொல்றதுடா. துண்ட தூக்குனியே, அப்ப பாத்த இல்ல? எவனா இருந்தாலும் பாப்பான். நான் ஒன்னும் திட்ட மாட்டேன். யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா பாக்கல. செவுத்துல கீற காலண்டரதான் பாத்துகினு இருந்தேன்."

"முழுசா வாணாம்டா. மொத வார்த்த போதும். யோவ்னு ஆரம்பிச்சிருந்தாளா?"

டென்னிஸ் வாயைத் திறந்தான். என்னவோ சொல்ல வந்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மாலையிலிருந்து இதழ்கள் அவன் செருப்பின்மேல் உதிர்ந்தன.

"ஜெராக்ஸ் கட வச்சிகினு கீறவன் நீ. கடைக்கு வர்ற பேப்பர எல்லாம் படிச்சிகினு குந்திகினு இருக்கிறவன். இத்த மட்டும் பாக்காம வுட்டுட்டியா?"

ஷாலு வந்து அவர் கையைப் பிடித்தாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது. "வாய்க்கரிசிக்குக் கூப்டுறாங்கப்பா. வா."

"பொய் சொல்றான்மா."

"யாரு?"

யாரோ அவர் கையில் அரிசியைத் திணித்தார்கள். ஐஸ் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில் டென்னிஸ் கண்ணை மூடி நின்று ஜெபம் செய்தான். சத்தமில்லாமல் அவன் உதடுகள் அசைந்தன. லோகநாதன் அரிசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த உதடுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தார்.