கடைசி வள்ளத்துச் சிவப்பு

மாதா கோயில் மண்டபச் சுவரில் ஜெசிதா கடலை வரைந்து முடித்த அன்றே அடிபாடு தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிற அவளுக்கு, தன் ஊர்ச் சனத்தின் கோபத்தை யாரும் படிப்பித்திருக்கவில்லை.

ஊரில் இரண்டு தெரு. வலை அறுத்த வழக்கில் கிழக்கும் மேற்கும் ஐந்து வருடப் பகை. ஜெசிதா மேற்குத் தெருக்காரி. ஆனால் அந்திச் சூரியன் கிழக்கு இறங்குதுறையில் நின்று பார்த்தால்தான் அழகு என்று, அங்கே நின்றே படத்தை அமைத்திருந்தாள். அதனால் கிழக்குத் தெருச் சந்தியோகுவின் வள்ளம் பச்சையும் மஞ்சளுமாய் முன்னால் கதவளவு வந்தது. மேற்குத் தெரு வள்ளங்கள் தூரத்தில் நகத்தளவாகி, நீலம் கலந்து வெளிறின. தூரத்து நிறம் வெளிறத்தான் செய்யும். அதில் வஞ்சகம் ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியில் நின்றது, கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பா தேவராசாவின் வள்ளம். அதை மட்டும் அவள் வெளிற விடவில்லை. ஒரு பொட்டுச் சிவப்பு வைத்தாள். இறங்குதுறைப் பலகை, நங்கூரக் கயிறு, அலை எல்லாமே அந்தப் பொட்டை நோக்கித்தான் ஓடின. படமே அதற்காகத்தான். இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கட்டும் என்ற மண்டைக்கனம் அவளுக்கு.

அண்ணை டினேஸ் இரும்பு அலவாங்கோடு வந்தான். பின்னால் மேற்குத் தெரு இளந்தாரிகள் பத்துப் பேர்.

“அப்பான்ரை வள்ளத்தை இலையான் மாதிரிச் சின்னனா வைச்சிருக்கிறாய். சந்தியோகுவின்ரை மட்டும் வீடு மாதிரிக் கிடக்கு.”

“ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பாரண்ணை. அப்பதான் தூரம் தெரியும்.”

“ரெண்டு கண்ணாலையும் நல்லாத் தெரியுது,” என்றான் அவன்.

அந்த இடத்தில் அவள் சிவப்பைப் பற்றி ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். ரோசம் வாயைக் கட்டிவிட்டது.

அலவாங்கு சந்தியோகுவின் வள்ளத்தில் இறங்கிச் சீமெந்து பெயர்ந்தது. சத்தம் கேட்டுக் கிழக்குத் தெரு திரண்டு வந்தது. இருக்கிற மர வாங்குகளும் கதிரைகளும் பறந்தன. ஒருவனின் முன்பற்கள் பெயின்ற் வாளிக்குள் விழுந்தன. தடுக்க வந்த சந்தியோகுவை டினேஸ் கீழே தள்ளி, வயசானவரென்றும் பாராமல் வயிற்றில் உதைத்தான். சந்தியோகுவின் மகன் சோடாப் போத்தலை வாங்கில் அடித்து உடைத்தான். ஜெசிதா குறுக்கே பாய்வதற்குள் அது அண்ணையின் இடக்கண்ணில் குத்தி இறங்கிவிட்டது. அவன் கத்தவில்லை. அவனது விரலிடுக்கால் வழிந்ததைத் தூரிகை துடைக்கிற துணியால் அமத்திப் பிடித்தபடி, அவள்தான் கத்தினாள்.

கண் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்தும் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் போனால் அவன் கை பக்கத்து வெறுமையைத்தான் பிடித்தது. எறிந்த கயிறு வள்ளத்தில் விழவில்லை. கடலுக்குப் போவதை நிறுத்தினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவனாகவே மண்டபத்துக்கு வந்தான். முன்பக்கத்து வள்ளம் சிதைந்திருந்தாலும் தூரத்துக் கடல் அப்படியே இருந்தது. கனநேரம் பார்த்தான்.

“உந்தச் சிவப்பு அப்பான்ரையோ?”

“ஓம்.”

“எல்லாம் அதுக்குத்தான் போகுது. அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?”

குற்றம் தன்னுடையது என்று ஜெசிதாவுக்குத் தெரியும்.

“எவ்வளவு தூரத்திலை நிக்குது,” என்று சொல்லி, டினேஸ் அதைத் தொடக் கையை நீட்டினான். தூரம் பிடிபடாமல் விரல்கள் சுவரில் இடித்தன.